சொகுசுக் கப்பலில் வெளிநாட்டுப் பயணம்: விசாவுக்காக வாங்கும் காப்பீடு நடுக்கடலில் கைகொடுக்குமா?

மும்பை: ஆண்டுக்கு 10 லட்சம் பயணிகளைக் கையாளும் திறன் கொண்ட சர்வதேச சொகுசுக் கப்பல் முனையத்தை மும்பை துறைமுகத்தில் பிரதமர் நரேந்திர மோடி 2025 செப்டம்பர் 20 அன்று திறந்து வைத்தார். அதற்கு ஓராண்டுக்கு முன்னர், 2024 செப்டம்பர் 30 அன்று தொடங்கப்பட்ட 'குரூஸ் பாரத்' இயக்கம், 2029-க்குள் நாட்டின் சொகுசுக் கப்பல் பயணிகள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதை இலக்காகக் கொண்டுள்ளது. சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குச் செல்லும் 'எம்.வி. எம்பிரஸ்' கப்பலின் சர்வதேசப் பயணத்தை மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் 2023 ஜூன் 5 அன்று கொடியசைத்துத் தொடங்கி வைத்தது நினைவிருக்கலாம். சிங்கப்பூருக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் எனக் கப்பலில் சுற்றி வரும் இந்தியக் குடும்பங்களும் ஏராளம்.

முனையங்கள் எழுகின்றன, கப்பல்கள் வருகின்றன. ஆனால் அவற்றில் ஏறும் பயணியின் கையில் இருக்க வேண்டிய பயணக் காப்பீட்டைப் பற்றிய பேச்சு மட்டும் பெரிதாக எழவில்லை. பயண முகவர் கேட்டால் எடுப்பது, விசாவுக்குத் தேவையெனில் எடுப்பது, இல்லையெனில் விட்டுவிடுவது என்பதே பெரும்பாலோரின் வழக்கமாக உள்ளது. விமானத்தில் சென்று விடுதியில் தங்கும் சுற்றுலாவுக்கு இது ஓரளவு பொருந்தலாம். கப்பலுக்குப் பொருந்தாது என்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன.

யார் கட்டாயப்படுத்துகிறார்கள்?

வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குச் செல்லும் கப்பல் பயணி காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்ற பொதுவான சர்வதேச விதி ஏதுமில்லை. கட்டாயம் என்பது இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. ஒன்று, செல்லும் நாட்டின் விசா விதி. மற்றொன்று, கப்பல் நிறுவனத்தின் நிபந்தனை.

விசா விதிகளில் இந்தியர்கள் அதிகம் சந்திப்பது ஐரோப்பாவின் ஷெங்கன் விதியாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பின் 15-ஆவது பிரிவு, விண்ணப்பதாரரிடம் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள காப்பீடு இருக்க வேண்டும் என்கிறது. அவசர சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, மருத்துவக் காரணங்களுக்காகத் தாயகம் கொண்டு வருதல், மரணம் நேர்ந்தால் உடலை அனுப்பி வைத்தல் ஆகியவை அதில் அடங்க வேண்டும். கியூபாவும் 2010 முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் மருத்துவக் காப்பீட்டைக் கேட்கிறது.

கப்பல் நிறுவனங்களைப் பொறுத்தவரை நடைமுறை சீரானதாக இல்லை. அண்டார்டிகா போன்ற தொலைதூரப் பகுதிகளுக்குச் செல்லும் பல நிறுவனங்கள், அவசர மருத்துவ இடமாற்றச் செலவை ஏற்கும் காப்பீட்டுக்கான சான்று இல்லாதவர்களை ஏற்றுவதில்லை. பிரிட்டன் சந்தையில் இயங்கும் சில நிறுவனங்களும் காப்பீட்டை முன்பதிவு நிபந்தனையாகவே வைத்துள்ளன. ஆசியக் கடல்களில் மூன்று, நான்கு இரவுகள் மட்டும் சுற்றி வரும் பயணங்களிலோ பெரும்பாலும் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்ற ஒற்றைச் சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இந்தியப் பயணிகள் மிகுதியாக ஏறுவது இந்த வகைக் கப்பல்களில்தான்.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. விசா அதிகாரி கேட்கும் காப்பீடு, அந்த நாட்டின் மருத்துவமனைகளுக்குப் பாக்கி வைக்காமல் பயணி திரும்பிச் செல்வதை உறுதி செய்வதற்கானது. கப்பலில் என்ன நேரும் என்பது அவரது கவலையன்று. ஆகவே விசாவுக்குப் போதுமான பாலிசி, பயணத்துக்கும் போதுமானது என்று கருதுவது பிழை.

ஏதென்ஸ் அருகேயுள்ள பிரேயஸ் துறைமுகத்தில் ஏறி, கிரேக்கத் தீவுகளைப் பார்த்துவிட்டுத் துருக்கியின் குசாதசியில் இறங்கும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். கிரீஸ் ஷெங்கன் பகுதி. துருக்கி அப்பகுதியைச் சேர்ந்ததன்று. 'ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும்' என்று விற்கப்படும் மலிவான பாலிசியை வைத்திருப்பவர் குசாதசியின் படிக்கட்டில் வழுக்கி விழுந்தால், அந்தப் பாலிசி அங்கே செல்லாது. அட்ரியாட்டிக் கடல் பயணங்களில் இடம்பெறும் மாண்டிநீக்ரோவின் கோட்டோர் துறைமுகத்துக்கும் இதே நிலைதான். இத்தகைய பயணங்களுக்குப் பலமுறை நுழைவு விசா தேவை என்பதைப் பயண முகவர்கள் மறக்காமல் சொல்கிறார்கள். காப்பீட்டின் எல்லையையும் அதே கவனத்துடன் சொல்பவர்கள் குறைவு.

கப்பல் மருத்துவ நிலையம் மருத்துவமனை அல்ல

பெரிய கப்பல்களில் மருத்துவர், செவிலியர், எக்ஸ்-ரே, இசிஜி, இதய அதிர்வுக் கருவி, அடிப்படை ஆய்வகம் ஆகிய வசதிகள் இருக்கின்றன. அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி வகுத்த வழிகாட்டு நெறிகளைப் பெரிய நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. ஆயினும் இந்த நிலையங்களின் நோக்கம், நோயாளியை நிலைப்படுத்திக் கரைக்கு அனுப்பி வைப்பதே ஆகும். இதய ரத்தக்குழாய் அடைப்பை அங்கே நீக்க இயலாது. பெரிய அறுவை சிகிச்சைக்கும் வழியில்லை. சிகிச்சைக் கட்டணம் பெரும்பாலும் டாலரில் கணக்கிடப்பட்டு, பயணியின் கேபின் கணக்கில் ஏற்றப்படும். கப்பலைவிட்டு இறங்குமுன் அதைச் செலுத்தியாக வேண்டும்.

இந்தியாவில் எடுத்த வழக்கமான மருத்துவக் காப்பீடு இங்கே உதவுமா என்ற கேள்வி, குறிப்பாகச் சென்னை அல்லது மும்பையிலிருந்தே கப்பல் ஏறுவோரிடம் எழுகிறது. இந்தியக் கரையில் ஏறி இந்தியக் கரையிலேயே இறங்குவதால், இதை உள்நாட்டுப் பயணம் போலவே பலர் கருதுகின்றனர். இந்தியாவின் கடல் எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல் மட்டுமே. உள்நாட்டு மெடிக்ளெய்ம் பாலிசிகளில் பெரும்பாலானவை இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பொருந்தும்.

எல்லைக்கு உள்ளேயே கப்பல் நின்றாலும் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்துள்ள நிலையான வரையறையின்படி, 'மருத்துவமனை' எனப்படுவது உரிய சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவ்வாறு இல்லையெனில், 10 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களில் குறைந்தது 10 படுக்கைகளும், ஏனைய இடங்களில் 15 படுக்கைகளும், 24 மணி நேர மருத்துவரும் செவிலியரும், முழு வசதி கொண்ட அறுவை அரங்கமும் இருந்தாக வேண்டும். கப்பலின் மருத்துவ நிலையத்தை இந்த வரையறைக்குள் கொண்டுவருவது கடினம். ஊரில் 10 லட்சம் ரூபாய்க்குப் பாலிசி வைத்திருப்பவர்கூட, கப்பலில் ஏறிய பிறகு காப்பீடே இல்லாதவராக மாறிவிடக்கூடும்.

இறங்கச் சொன்னால் என்ன ஆகும்?

68 வயதான ஒருவர், மனைவியுடன் சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக உண்டு. இரண்டாம் நாள் இரவு நெஞ்சுவலி வருகிறது. கப்பல் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, அடுத்த துறைமுகத்தில் இறக்கி மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்கிறார். நோயாளி கப்பலில் தொடரலாமா என்பதில் இறுதி முடிவு கப்பல் தலைவருடையது; குடும்பத்தாரின் விருப்பம் அங்கே எடுபடாது. சில துறைமுகங்களில் கப்பல் கரையணையாமல் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அப்போது நோயாளியைச் சிறு படகில் இறக்கித்தான் கொண்டுசெல்ல வேண்டும்.

இந்த இடத்திலிருந்து செலவுகள் பல கிளைகளாகப் பிரிகின்றன. கப்பல் மருத்துவ நிலையத்தின் கட்டணம், துறைமுகத்திலிருந்து ஆம்புலன்ஸ், வெளிநாட்டு மருத்துவமனை கேட்கும் முன்பணம், உடன் இறங்கிய மனைவிக்கு விடுதி, பயன்படுத்தாமல் போன கப்பல் நாள்களின் கட்டணம், தவறிப்போன விமான டிக்கெட், நிலைமை மோசமெனில் மருத்துவக் குழுவுடன் கூடிய விமானத்தில் இந்தியா திரும்பும் செலவு. கடைசியாகச் சொன்னது மட்டுமே பல லட்சம் ரூபாயை விழுங்கும்.

காப்பீடு இருந்தாலும் இரண்டு கேள்விகள் எழும். முதலாவது, முன்பே உள்ள நோய். பல இந்திய வெளிநாட்டுப் பயணப் பாலிசிகள் ஏற்கெனவே உள்ள நோயால் எழும் சிகிச்சையை விலக்கி வைக்கின்றன, அல்லது உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் ஒரு வரம்புக்குட்பட்டு ஏற்கின்றன. 60 வயதைக் கடந்தோருக்கு அறை வாடகை, தீவிர சிகிச்சை, அறுவை சிகிச்சை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உச்சவரம்பு வைக்கும் திட்டங்களும் உண்டு. முகப்பில் 50,000 டாலர் என்று பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே அட்டவணையைப் பார்த்தால் கணக்கு வேறாக இருக்கும். சர்க்கரை நோய் இருப்பதை விண்ணப்பத்தில் குறிப்பிடாமல் விட்டிருந்தால், மொத்த கிளைமும் நிராகரிக்கப்படும் அபாயம் உள்ளது. 'எதற்குச் சொல்ல வேண்டும், பிரீமியம் கூடும்' என்று முகவர் ஒருவர் அறிவுரை கூறினால், அந்த அறிவுரையின் விலையைப் பின்னர் செலுத்துபவர் அவர் அல்லர்.

இரண்டாவது, முன் ஒப்புதல். மருத்துவ இடமாற்றச் செலவை ஏற்க, காப்பீட்டு நிறுவனத்தின் உதவி மையத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. கப்பல் தலைவரோ ஒப்புதலுக்காகக் காத்திருக்க மாட்டார். ஆகவே உதவி மையத்தின் தொலைபேசி எண்ணும் பாலிசி எண்ணும் கைப்பேசியில் மட்டுமன்றி, காகிதத்திலும் மனைவியின் கைப்பையில் இருப்பது நல்லது. நடுக்கடலில் கைப்பேசிச் சேவை கிடைக்காவிட்டாலும் கப்பலின் வரவேற்பு மேசையிலிருந்து அழைக்க முடியும்.

கப்பல் காத்திருக்காது

2024 மார்ச் மாத இறுதியில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள சாவோ டோமே தீவில் நடந்த நிகழ்வு உலகெங்கும் பேசப்பட்டது. 'நார்வீஜியன் டான்' கப்பலிலிருந்து இறங்கித் தனியார் சுற்றுலா சென்ற எட்டுப் பயணிகள், குறித்த நேரத்துக்குள் திரும்பவில்லை. கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் புறப்பட்டது. அடுத்த துறைமுகமான காம்பியாவில் ஏறிக்கொள்ளலாம் எனப் பல நாடுகள் வழியாக அவர்கள் அங்கே சென்று சேர்ந்தபோது, கடல் நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால் கப்பல் அங்கே நிற்கவில்லை. பின்னர் தரைவழியாகச் செனகல் தலைநகர் டாக்கர் வரை சென்றே கப்பலைப் பிடிக்க முடிந்தது. உரிய நேரத்தில் திரும்புவது பயணிகளின் பொறுப்பு என்று நிறுவனம் விளக்கமளித்தது. காம்பியாவிலிருந்து செனகல் வரையிலான செலவை மட்டும் திருப்பித் தருவதாகக் கூறியது.

அந்தச் செய்திகளில் அதிகம் கவனிக்கப்படாமல் போன ஒரு தகவல் உண்டு. அதே கப்பலிலிருந்து மருத்துவக் காரணங்களுக்காக அதே தீவில் இறக்கப்பட்ட 80 வயது மூதாட்டி ஒருவரும் அங்கே இருந்தார். அவருக்கு உதவியது, தற்செயலாக அத்தீவில் சிக்கிக்கொண்டிருந்த சக பயணிகளே.

துறைமுகச் சந்தையில் நேரம் போனது தெரியாமல் நின்று கப்பலைத் தவறவிட்டால், பெரும்பாலான பாலிசிகள் இழப்பீடு தராது. 'பயணத் தொடர்ச்சி தவறுதல்' என்ற பிரிவு, விமானத் தாமதம் போன்ற பயணியின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்களுக்கே பொருந்தும். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் கரைச் சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும், அல்லது பயணிகளை அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும். தனியார் வாகனத்தில் பாதி விலைக்குச் செல்வோர் இந்த வேறுபாட்டையும் சேர்த்தே விலையை ஒப்பிட வேண்டும்.

நிறுவனமே முடங்கிப்போகும் ஆபத்தும் கற்பனையன்று. இந்தியாவின் சொந்த சொகுசுக் கப்பல் என்று 2019-இல் அறிமுகமான 'ஜலேஷ்' நிறுவனம், கொரோனா முடக்கத்தைத் தாங்க இயலாமல் 2020 அக்டோபரில் மூடப்பட்டது. அதன் 'கர்ணிகா' கப்பல் இறுதியில் குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைக்கப்பட்டது. 2022 ஜனவரியில் 'ஜென்டிங் ஹாங்காங்' குழுமம் கலைப்பு நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. அதே மாதம், அக்குழுமத்தின் 'கிரிஸ்டல் சிம்பனி' கப்பல், மியாமியில் நீதிமன்றக் கைப்பற்றுதலைத் தவிர்க்கப் பயணிகளுடன் பஹாமாஸ் பக்கம் திருப்பப்பட்டது. நடத்துநர் திவாலாவதைப் பல பாலிசிகள் விலக்குப் பட்டியலிலேயே வைத்துள்ளன. போர்ச் சூழலால் பாதை மாறுவதும் அவ்வாறே. 2024-இல் செங்கடல் தாக்குதல்களால் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான பல கப்பல் பயணங்கள் ரத்தாயின, அல்லது ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றன.

வழக்கு எந்த ஊரில்?

காப்பீட்டை வெறும் சம்பிரதாயமாகக் கருதக் கூடாது என்பதற்கு, மருத்துவச் செலவைவிட வலுவான காரணம் கப்பல் டிக்கெட்டுக்குள்தான் இருக்கிறது. டிக்கெட் என்பது ஓர் ஒப்பந்தம். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும், எத்தனை நாள்களுக்குள் அறிவிக்கை அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் அது முன்கூட்டியே வரையறுத்துவிடுகிறது. 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கார்னிவல் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் இத்தகைய நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. வாஷிங்டன் மாநிலத்தில் வசித்த தம்பதி லாஸ் ஏஞ்சலிஸில் கப்பல் ஏறியிருந்தனர். பயணத்தின்போது மனைவி கப்பலில் வழுக்கி விழுந்தார். வழக்கை நாட்டின் மறுகோடியிலுள்ள புளோரிடாவில்தான் தொடர வேண்டும் என்றாயிற்று. அமெரிக்கர்களுக்கே இதுதான் நிலை எனில், மதுரையிலிருந்தோ நாக்பூரிலிருந்தோ செல்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

கப்பல் மருத்துவரின் தவறுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற வாசகமும் டிக்கெட்டுகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. 2014-இல் அமெரிக்காவின் 11-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அத்தகைய வழக்கை நிறுவனத்தின்மீது தொடரலாம் என்று கூறிப் பழைய நிலைப்பாட்டிலிருந்து விலகியது. இது முக்கியமான மாற்றம். ஆனால் அதன் பயனைப் பெறவும் அந்த நாட்டு நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டியிருக்கும்.

கடல்வழிப் பயணிகளுக்கான ஏதென்ஸ் உடன்படிக்கையும் அதன் 2002-ஆம் ஆண்டு நெறிமுறையும், கப்பல் கவிழ்தல், மோதல், தீ போன்ற விபத்துகளில் உரிமையாளரின் பொறுப்பை வரையறுக்கின்றன. 2012 ஜனவரியில் இத்தாலியின் கிக்லியோ தீவருகே 32 பேரைப் பலிகொண்ட 'கோஸ்டா கான்கார்டியா' போன்ற பேரழிவுகளுக்கு அவை பொருத்தமானவை. பயணிக்கு வரும் மாரடைப்புக்கோ, கரையில் நேரும் கால் முறிவுக்கோ அவற்றால் பயனில்லை.

இந்த நிலையில் இந்தியப் பயணி தன் சொந்த மண்ணில் நின்று எளிதாக வாதாடக்கூடிய ஒப்பந்தம், இந்தியாவில் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் வாங்கிய காப்பீட்டுப் பாலிசிதான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே ஆணையத்தை அணுக வழி செய்துள்ளது. வெளிநாட்டு இணையதளத்தில் கப்பல் டிக்கெட்டுடன் சேர்த்து ஒரு பெட்டியைச் சொடுக்கி வாங்கும் காப்பீட்டுக்கு இந்த வசதி எளிதில் வாய்க்காது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பாலிசியின் எல்லை கப்பல் தொடும் எல்லா நாடுகளையும், இடைப்பட்ட கடற்பகுதியையும் உள்ளடக்குகிறதா, கப்பல் மருத்துவரின் கட்டணத்தை ஏற்குமா, கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டு செல்லும் செலவு மருத்துவ இடமாற்றத்தில் சேருமா ஆகிய மூன்றையும் காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துவது பயன்தரும். வாய்மொழி உறுதி கிளைம் மேசையில் செல்லாது. கப்பல் பயணத்துக்கான பலன்களைக் கூடுதல் பிரிவாக வைத்துள்ள நிறுவனங்கள் உண்டு. அதைத் தனியாகத் தேர்வு செய்யாவிட்டால் அது பாலிசியில் இருக்காது. சிறிய சிகிச்சைகளில், முதல் 100 டாலர் போன்ற ஒரு தொகையைப் பயணியே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையையும் கவனிக்க வேண்டும். கடன் அட்டையுடனோ சுற்றுலாத் தொகுப்புடனோ இலவசமாக வரும் காப்பீட்டில் மருத்துவப் பகுதி மிகக் குறைவாகவே இருக்கக்கூடும்.

வெளிநாட்டுப் பயணப் பாலிசியைப் பொதுவாக இந்தியாவைவிட்டுப் புறப்படுமுன்னரே எடுத்தாக வேண்டும். இளவயதினருக்குச் சில நூறு ரூபாயில் கிடைப்பது, 70 வயதினருக்குப் பல மடங்காகும். அந்த வேறுபாட்டைப் பார்த்துப் பெற்றோருக்கு மட்டும் மலிவான திட்டத்தைத் தேர்வு செய்யும் குடும்பங்கள், ஆபத்து அதிகமுள்ளவருக்குக் குறைந்த பாதுகாப்பை வாங்குகின்றன.

கப்பலில் சிகிச்சை பெற நேர்ந்தால், தேதியிட்ட விரிவான கட்டணச் சீட்டு, மருத்துவரின் குறிப்பு, பரிசோதனை முடிவுகள், இறக்கிவிடப்பட்டதற்கான கப்பலின் கடிதம் ஆகியவற்றை இறங்குமுன் பெற்றுக்கொள்ள வேண்டும். கப்பல் கிளம்பிய பிறகு இவற்றைக் கேட்டுப் பெறுவது எளிதன்று.

கிளைம் நிராகரிக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும். ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' தளத்திலும் பதிவு செய்யலாம். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையெனிலோ, பதில் திருப்தியளிக்கவில்லையெனிலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். கட்டணம் ஏதுமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. அவரது தீர்ப்பு காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். தமிழ்நாடு, புதுச்சேரி பயணிகளுக்கான அலுவலகம் சென்னையில் இயங்குகிறது. அதே விவகாரம் ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் அதை விசாரணைக்கு ஏற்கமாட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.